இருசக்கர வண்டியில் ஏறிய ஒலிபெருக்கி

மாங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ஒட்டுசுட்டானைக் கடந்து, முள்ளியவளையையும் தண்ணீரூற்றையும் ஊடறுத்து, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் சென்று முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிவடைகிறது. வயலும் காடும் மாறி மாறி வரும் சாலை அது. இன்று அச்சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுள் சில பாடிக்கொண்டே செல்கின்றன. முன்புற விளக்கின் இருமருங்கும் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள், இருக்கையின் கீழ் ஒரு பெருக்கி, சட்டைப்பையிலே பாட்டை அனுப்பும் கைத்தொலைபேசி. ஓட்டுபவர் இளைஞராயின், அடுத்த சம்பளத்தில் இதனிலும் பெரிய பெருக்கியொன்று வாங்கவேண்டும் என்ற எண்ணமும் கூடவே பயணம் செய்யும்.

இது வெறும் இளமை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக்கூடிய செய்தியன்று. மனிதக் குரல் சக்கரத்தில் ஏறிய கதை நூறாண்டுக் கதை. அக்கதையில் வன்னி மண்ணுக்கு உரிய பங்கு, பிற நாட்டு நூல்களில் இடம்பெறாத பங்கு.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் முள்ளியவளையில் குரல் எவ்வாறு பரவிற்று? வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நடைபெறும். அதன் முன்னோடியாக, கடலிலிருந்து எடுத்துவரப்படும் உப்புநீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றும் மரபு உண்டு. இச்செய்திகளை ஊருக்குச் சொன்னது பறை. கதையைச் சொன்னது கூத்து. முல்லை மோடி எனப்படும் இப்பகுதிக்குரிய கூத்து முறையில் கோவலன் கதை விடிய விடிய ஆடப்பட்டது. அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் ஒருபுறம் ஒலிக்க, ஆடுவோர் உச்சத் தொனியிற் பாடினர். அந்த உச்சத் தொனி அழகுக்காக மட்டும் அமைந்ததன்று; அதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 தெசிபெல் குறைகிறது. ஒரு மீற்றரில் நின்று கேட்பவருக்கும் 64 மீற்றரில் பாய் விரித்துக் கேட்பவருக்கும் இடையே 36 தெசிபெல் வேறுபாடு உண்டு. கடைசிப் பாயில் இருப்பவருக்கும் கண்ணகியின் வழக்குக் கேட்கவேண்டுமானால் பாடுபவர் அடிவயிற்றிலிருந்து பாடியே ஆகவேண்டும். கூட்டத்தின் எல்லையைக் குரலின் எல்லையே வகுத்தது.

அந்த எல்லையை உடைத்தவர்கள் கலிபோர்னியாவில் நாப்பா என்னும் சிற்றூரிலே உழைத்த இருவர். ஒருவர் தென்மார்க்கு நாட்டவரான பீற்றர் ஜென்சன். மற்றவர் அமெரிக்கரான எட்வின் பிரிடம். காந்தப் புலத்தினுள் தொங்கும் ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது சுருள் அசைகிறது. அது தன்னோடு ஒரு தகட்டையும் அசைக்கிறது. தகடு காற்றை அசைக்கிறது. இதுவே அவர்களுடைய கருவியின் தத்துவம். அதன்மேல் கிராமபோன் கொம்பு போன்ற ஒரு குழாயைப் பொருத்தினர். ‘பெருங்குரல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களைக் கொண்டு அதற்கு மாக்னவொக்ஸ் எனப் பெயர் சூட்டினர். 1915ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் நத்தார் விழாவிற்கு அது பயன்பட்டது. கூடியிருந்தோர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் எனச் சொல்லப்படுகிறது. நான்காண்டு சென்று, 1919 செப்டெம்பரில், குடியரசுத் தலைவர் வில்சன் சான் தியேகோ விளையாட்டரங்கில் 50,000 பேருக்கு அக்கருவியின் துணையோடு உரையாற்றினார்.

கொம்பைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பு தனியே நின்றால், தான் பெறும் மின்சத்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக மாற்றும். மீதி முழுவதும் வெப்பமாகிப்போகும். கொம்பு பொருத்தினால் அப்பங்கு பத்து மடங்குக்கு மேலும் உயரக்கூடும். கோயில் திருவிழாக்களில் தென்னை மரத்திலே கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கி இத்தனை காலம் நிலைத்தமைக்கு இதுவே காரணம். மின்சாரம் எட்டாத ஊர்களில் மோட்டார் வண்டியின் மின்கல அடுக்கை, அதாவது கடைவீதியிற் ‘பற்றறி’ என வழங்குவதை, கழற்றி வந்து வைத்தால் போதும். சில பத்து வாற்றுகளே ஒரு கிராமத்தை எழுப்பிவிடும். இனிமை குறைவு, எட்டும் தூரம் அதிகம். கொம்பில்லாத காகிதக் கூம்பு ஒலிபெருக்கியை இன்று உலகெங்கும் காணும் வடிவில் அமைத்தவர்கள் செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்ற இரு பொறியியலாளர். அவர்களுடைய ஆய்வு 1925இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதிதான் கொழும்பு வானொலி முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் அதற்கு முன்னரே பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தியிருந்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளின் பாகங்கள் அவருக்குப் பயன்பட்டன என்பது இந்நாட்டு ஒலிபரப்பு வரலாற்றின் சுவையான செய்தி. போர்க்கருவி பாட்டுக்கருவியானது!

ஒலிபெருக்கி மேடை ஏறியதும் மேடையே மாறிற்று. முள்ளியவளை ஈன்ற எழுத்தாளர் முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ போன்ற நாடகங்களின் காலத்தில், நடிகர் உச்சத் தொனியை நாடவேண்டியிருக்கவில்லை; மெல்லிய பேச்சும் கேட்டது. ஆயின் ஒலிவாங்கி தொங்கிய இடத்தில் வந்து நின்றாலே பேச்சு எடுபடும். அரசனும் அமைச்சனும் பகைவனும் ஒரே கம்பத்தின் அடியில் வந்து நின்று வசனம் பேசிப் போகும் காட்சியைத் தமிழ் நாடக இரசிகர் எவரும் மறந்திரார். வட்டக்களரி முழுவதும் சுற்றி ஆடிய கூத்தனுக்கு அவ்வகைக் கட்டு இருந்ததில்லை.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். 1930ஆம் ஆண்டில் சிக்காகோவில் கல்வின் சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கான வானொலிப் பெட்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு இட்ட மோட்டோரோலா என்னும் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயருமாயிற்று. வால்வுப் பெட்டிக்கு நூற்றுக்கு மேற்பட்ட உவோற்று வேண்டும். வண்டியில் இருந்ததோ 6 உவோற்று. ஆகவே, நேரோட்டத்தை அதிரும் தகடொன்றினால் வெட்டி, மாற்றியில் உயர்த்தி, மீண்டும் நேராக்கும் கருவியொன்று அக்காலப் பெட்டிகளிற் சேர்க்கப்பட்டது. வண்டியிற் பாட்டுக் கேட்க விரும்புபவனின் முதற் சிக்கல் அன்று முதல் இன்றுவரை ஒன்றே: ஒலிபெருக்கி கேட்கும் மின்சத்தி வண்டியில் இல்லை.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர் அச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. ஓரிரு மின்கலங்களோடு வானொலி கைக்குள் அடங்கியது. வன்னிக் குடியானவர் காவற் குடிலிலே மரக்கிளையில் வானொலிப் பெட்டியைத் தொங்கவிட்டு இரவு முழுதும் பாட்டோடு பன்றிக் காவல் செய்யும் வழக்கமும் அதனால் வந்தது.

அந்த மின்கலமே கிடைக்காத காலம் ஒன்று பின்னர் வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்கு மின்சாரம் நின்றது. வடக்கிற்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் வானொலி மின்கலமும் ஒன்று, எரிபொருளும் அவ்வாறே. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடைகள் தளரும்வரை, இடையில் ஏற்ற இறக்கங்கள் இருந்தபோதும், இந்நிலை நீடித்தது. செய்தியோ உயிரோடு தொடர்புடையது. எந்த ஊரில் என்ன நடந்தது, எந்தப் பாதை திறந்தது, எந்தப் பாதை மூடியது என்று அறியாமல் ஒரு குடும்பம் அடுத்த நாளைத் திட்டமிட முடியாது. இலண்டன் பிபிசியின் தமிழோசைக்கும் ஏனைய செய்திகளுக்கும் காத்திருந்த மக்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கண்ட வழி துவிச்சக்கர வண்டியின் டைனமோ.

டைனமோ என்பது சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் காந்தத்தை உடைய சிறு குப்பி. 6 உவோற்று, 3 வாற்று, அதாவது அரை அம்பியர் தருவது. வண்டி விளக்குக்கென அமைந்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தியோ நிறுத்தியில் ஏற்றியோ மிதியைக் கையாற் சுற்றினால் மின் வரும். ஆனால் வருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நேராக இணைத்தால் உறுமலைத் தவிர வேறொன்றும் கேளாது, திரான்சிற்றரும் பழுதாகும். ஆகவே பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய இருவாயிகள் நான்கைச் சதுரமாக இணைத்து ஓட்டத்தை ஒரு திசைப்படுத்த வேண்டும். கொள்ளளவியொன்றைக் குறுக்கே இட்டு அதன் அலைவை அடக்க வேண்டும். இருவாயிகளைக் கடக்கையில் ஏறக்குறைய ஒன்றரை உவோற்று குறையும். அதன்பின் எஞ்சுவது நான்கு மின்கலப் பெட்டிக்குச் சற்றுக் குறைவு; இரண்டு மின்கலப் பெட்டிக்கோ மிகையானது.

நுட்பம் சுற்றும் கையில் இருந்தது. மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து மறையும். வேகமாகச் சுற்றினால் உவோற்று அளவு கடந்து ஏறிப் பெட்டியைக் கெடுக்கும். ஏனெனில் சுமையில்லாத டைனமோவின் அழுத்தம் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். விளக்குக் குமிழையும் கூடவே இணைத்துவைத்தால் அந்த ஏற்றம் ஓரளவு தடைப்படும். வானொலி உண்டதோ அரை வாற்றுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய ஒலிக்கு வீட்டாரும் அயலாரும் பேச்சை நிறுத்திக் குனிந்து கேட்டனர். சுற்றுபவர் களைத்தால் இன்னொருவர் இடைவெளியின்றி மிதியை ஏந்தவேண்டும். மின்சத்தி பற்றிய பாடத்தை வன்னிச் சிறுவர் பலர் வகுப்பறையிற் கற்குமுன் தோள்பட்டையாற் கற்றனர்.

மோட்டார் சைக்கிளும் அக்காலத்தில் தன் வயிற்றை மாற்றிக்கொண்டது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் கக்கிற்று, இயந்திரமும் தேய்ந்தது. ஆனாலும் நோயாளரும் மீனும் கடிதமும் சேரவேண்டிய இடம் சேர்ந்தன. அத்தகைய வண்டியிற் பாட்டுப் பெட்டி பூட்டுவதை எவரும் எண்ணியிரார்.

போர் 2009இல் முடிந்தது. அதன் இறுதிக் களம் முள்ளியவளையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் மின்வலையமைப்பு வந்தது, சாலை செப்பனிடப்பட்டது, தவணைமுறையில் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. அவற்றோடு வந்ததுதான் கட்டுரையின் தொடக்கத்திற் கண்ட பாடும் வண்டி.

பாடும் வண்டியின் தாயகம் வேறு. ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் நாட்கணக்காகப் பயணம் செய்வோர் 1970களில் மோட்டார் சைக்கிளின் முன் பெரிய காற்றுத்தடுப்புகளைப் பூட்டினர். அவற்றின் உள்ளறைகள் வானொலிக்கும் நாடாப்பதிவுக் கருவிக்கும் இடந்தந்தன. ஹொண்டா நிறுவனம் 1975இல் விற்பனைக்கு விட்ட கோல்ட் விங் வண்டி முதலில் தடுப்பின்றியே வந்தது. 1980இல் காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் பூட்டி வந்த இன்ரர்ஸ்ரேற் வகைக்கு ஒலிக்கருவியும் விருப்பத் துணைப்பொருளாகக் கிடைத்தது. அத்தகைய பெருவண்டியின் மின்னாக்கி பல நூறு வாற்றுகளைத் தரும். முள்ளியவளையில் ஓடும் 100 அல்லது 125 கன சென்ரிமீற்றர் வண்டிக்கு அவ்வளவு வளம் இல்லை; தலைவிளக்கு ஒன்றே 35 வாற்று வரை உண்டுவிடும்.

இங்கு ஒரு கணக்கைப் பார்ப்பது நன்று. விளம்பர அட்டைகள் இதை மறைக்கின்றன. 12 உவோற்று மின்கல அடுக்கிலிருந்து சாதாரணப் பெருக்கியொன்று 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் தரக்கூடிய உச்ச அளவு நாலரை வாற்று மட்டுமே. இரு பெருக்கிகளை எதிரெதிராக இணைக்கும் பாலமுறையில் அது நான்கு மடங்காகி 18 வாற்று ஆகும். வண்டி ஓடும்போது அழுத்தம் 14 உவோற்றுக்கு உயர்வதால் 24 வாற்றைத் தொடும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒலிபெருக்கியின் ஓம் அளவைக் குறைக்கவேண்டும், அல்லது பெருக்கியினுள்ளேயே அழுத்தத்தை உயர்த்தும் மாற்றி இருக்கவேண்டும். 1930களின் அதிரும் தகடு செய்த வேலையை இன்று திரான்சிற்றர்கள் செய்கின்றன. கைக்குள் அடங்கும் பெட்டியின்மேல் 500 வாற்று என்று அச்சிட்டிருந்து, உள்ளே அத்தகைய மாற்றியும் இல்லையென்றால், அந்த எண் அட்டைக்கு மட்டுமே உரியது.

மெய்யாகவே 200 வாற்று ஒலி தரும் பெருக்கியை எடுத்துக்கொள்வோம். பழைய முறைப் பெருக்கி தான் உண்பதிற் பாதியை வெப்பமாக்கும். அது முழுச்சத்தத்தில் ஏறக்குறைய 31 அம்பியர் இழுக்கும். ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி இயங்கும் டி வகைப் பெருக்கி, நூற்றுக்குத் தொண்ணூறு திறனுடன், 17 அம்பியரோடு நிறைவடையும். இங்கிலாந்தில் சின்கிளயர் நிறுவனம் 1964இலேயே இவ்வகைப் பெருக்கியைப் பாகங்களாக விற்றது. அது அன்று அத்துணை நம்பிக்கைக்குரியதாக இருக்கவில்லை. தக்க திரான்சிற்றர்கள் கிடைத்த பின்னரே அம்முறை வென்றது. சிறிய வண்டிக்கு 17 அம்பியரும் மிகுதியே. பாட்டில் உச்சங்கள் இடையிடையேதான் வரும் என்பதால் சராசரி இழுவை குறைவுதான். ஆயினும் மின்கல அடுக்கிலிருந்து தனிக் கம்பியும், அதன் தொடக்கத்திலேயே ஓர் உருகியும் இல்லாமல் இத்தகைய பெருக்கியைப் பூட்டுவது எரிபொருட் தாங்கியின் கீழ் நெருப்பை வைப்பதற்கு ஒப்பாகும். வன்னியின் மழைக்காலம் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். காகிதக் கூம்பு அதிற் கூழாகும். பொலிபுரொப்பிலீன் கூம்பும் இரப்பர் விளிம்புமே தாங்கும்.

பெருக்கியை மாற்றுவதா, ஒலிபெருக்கியை மாற்றுவதா என்று கேட்பவருக்கு விடை இரண்டாவதே. மின்சத்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 தெசிபெல். காது அதைச் சிறிதே உணரும். சத்தம் இருமடங்கு என்று காது ஒப்புக்கொள்ள 20 வாற்று 200 வாற்றாக வேண்டும். ஆனால் ஒரு வாற்றுக்கு 84 தெசிபெல் தரும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு 90 தருவதைப் பூட்டினால், பெருக்கியை நான்கு மடங்கு பெரிதாக்கிய பயன் ஒரு வாற்றும் கூடாமலே கிட்டும். நாப்பாவில் கொம்பு பூட்டிய இருவரும் கண்டது இதைத்தான்.

மோட்டார் சைக்கிளில் இசைக்கு எதிரி இயந்திரமன்று, காற்று. தலைக்கவசத்தினுள் எடுத்த அளவீடுகளின்படி மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்திலேயே காற்றொலி ஏறக்குறைய 90 தெசிபெல்லைத் தொடுகிறது. 100 கிலோமீற்றரில் 100ஐ அண்டுகிறது. ஆகவே வண்டி நிற்கும்போது தெரு முழுவதும் கேட்கும் பாட்டு, ஓடும்போது ஓட்டுபவருக்கே கேட்பதில்லை. அதற்காக அவர் மேலும் கூட்டுகிறார். பிறகு சந்தியில் நிற்கும்போது அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் சந்தியிலுள்ள பாடசாலையும் மருந்துச் சாலையுமே. பாண் விற்கும் முச்சக்கர வண்டி பேதோவன் இசையை ஒலித்துவந்தால் குழந்தைகள் ஓடிவருகிறார்கள். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளின் ஒலிக்கு வீட்டுப்பெண்கள் படலையைத் திறக்கிறார்கள். அவை எவரையோ அழைக்கும் குரல்கள், அழைத்தபின் நின்றுவிடுவன. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பொதுவாக ஒலித்தலாகாது என 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கேட்க விரும்பாதவனின் உரிமையையும் அது கணக்கிற் கொண்டது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. தொழிற்சாலைகளில் காதைக் காக்க அமெரிக்க நலத்துறை ஆய்வு நிறுவனம் வகுத்த அளவின்படி 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 91 தெசிபெல்லுக்கு 2 மணி நேரம். 97க்கு அரை மணி. 100க்குக் கால் மணி. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் எழும் காற்றை வென்று பாட்டுக் கேட்கவேண்டுமானால் ஒலி 97க்கும் 100க்கும் இடையே நிற்கவேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம்வரையுள்ள 50 கிலோமீற்றரை அதே வேகத்தில் எங்கும் நில்லாமற் கடப்பதற்கு 43 நிமிடம் செல்லும்.